பழைய வியூவரே போதுமே: உலாவிச் செருகுநிரல் மாற்றங்களும் பயனர் எதிர்வினைகளும்

2013 பிப்ரவரி 19 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 19 வெளியானது. அதுவரை உலாவியில் ஒரு பி.டி.எஃப். இணைப்பைச் சொடுக்கினால், கணினியில் நிறுவியிருந்த அடோபி ரீடரின் செருகுநிரல் எழுந்து வந்து கோப்பைக் காட்டும். அந்தப் பதிப்பு முதல் உலாவியே தன் சொந்த வியூவரில் கோப்பைத் திறந்தது. வெளி நிறுவனத்தின் நிரலை நம்ப வேண்டாம், தனியாக எதையும் நிறுவ வேண்டாம், பாதுகாப்பும் கூடும் என்பதால் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லாவுக்கு இது பெரிய முன்னேற்றம். பயனர்களில் கணிசமானோர் கேட்டது வேறு: "பழையதைத் திரும்பக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்?"

அந்தக் கேள்வி அன்று புதிதாக முளைத்ததல்ல, அன்றோடு அடங்கவும் இல்லை. 2003-இல் அடோபி ரீடர் 6 வந்தபோதும், 2017-இல் அடோபியின் நீட்சி குரோமுக்குள் தானாக வந்து உட்கார்ந்தபோதும், 2021-இல் குரோம் வியூவரின் முகம் மாறியபோதும், 2023-இல் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் தன் பி.டி.எஃப். இயந்திரத்தையே மாற்றப்போவதாக அறிவித்தபோதும் ஏறத்தாழ இதே குரல் கேட்டது. மென்பொருள் உலகம் இதற்குத் தயாராக ஒரு விளக்கம் வைத்திருக்கிறது: மனிதர்களுக்கு மாற்றம் பிடிக்காது, நாலு நாள் கத்துவார்கள், பிறகு பழகிவிடுவார்கள்.

அந்த விளக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. கடந்த முப்பது ஆண்டு வரலாற்றை அடுக்கிப் பார்த்தால் கிடைக்கும் முடிவு சற்றுச் சிக்கலானது. எது உடைந்தது என்று சொல்வதில் பயனர்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறார்கள். பழையதையே திருப்பிக் கொடு என்று மருந்து சொன்ன இடத்தில்தான் பெரும்பாலும் தவறியிருக்கிறார்கள். இந்த இரண்டையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே கூச்சலாகக் கேட்டதுதான் மென்பொருள் செய்தவர்களின் தவறு.

செருகுநிரல் வந்த வழி

பி.டி.எஃப். இணையத்துக்காகப் பிறந்ததல்ல. அடோபி நிறுவனர்களில் ஒருவரான ஜான் வார்னாக் 1991-இல் 'கேம்லாட்' என்ற பெயரில் முன்வைத்த திட்டத்தின் நோக்கம், எந்தக் கணினியில் செய்த ஆவணமும் எந்தக் கணினியிலும் அச்சு மாறாமல் தெரிய வேண்டும், அச்சாகவும் வேண்டும் என்பதே. 1993-இல் அக்ரோபாட் வந்தது. தொடக்கத்தில் படிக்கும் நிரலுக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. அது இலவசமான பிறகே வடிவம் பரவியது.

உலாவிக்குள் பி.டி.எஃப். நுழைந்தது 1996 வாக்கில். நெட்ஸ்கேப் உலாவி வெளி நிரல்களுக்குக் கதவு திறந்துவிட்டது. என்.பி.ஏ.பி.ஐ. என்று அழைக்கப்பட்ட அந்த இடைமுகம் உருவாகத் தூண்டுதலாக இருந்ததில் அடோபி பொறியாளர்களுக்குப் பங்குண்டு. அதே ஆண்டு வந்த அக்ரோபாட் 3, கோப்பு முழுவதும் இறங்கும்வரை காத்திருக்காமல் முதல் பக்கத்தை உடனே காட்டும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் ஊர்ந்த காலத்தில் அது சிறிய வசதியல்ல.

இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் இருந்தது. உலாவி ஒரு நிறுவனத்தினுடையது, செருகுநிரல் இன்னொரு நிறுவனத்தினுடையது, ஆவணத்தை உருவாக்கியவர் மூன்றாமவர். எது கெட்டாலும் பயனருக்குத் தெரிவது ஒரே சன்னல்தான். யாரிடம் முறையிடுவது? ஃபயர்ஃபாக்ஸ் தொங்கிவிட்டது என்று மோசில்லாவைத் திட்டியவர்களில் பலர் உண்மையில் திட்டியது அடோபியின் நிரலை. பிற்காலத்தில் உலாவி நிறுவனங்கள் இந்தச் செருகுநிரல்களைக் கழற்றிவிட முனைந்ததற்கு, அடுத்தவர் பிழைக்குத் தாங்கள் பேர் கெட வேண்டியிருந்த எரிச்சலும் ஒரு காரணம்.

காத்திருப்பின் கோபம்

முதல் அலை எதிர்வினை வேகத்தைப் பற்றியது. 2003-இல் அக்ரோபாட் ரீடர் என்ற பெயர் அடோபி ரீடர் என்று மாறி, ஆறாம் பதிப்பு வந்தது. வசதிகள் கூடின, கூடவே எடையும் கூடியது. நிரல் தொடங்கும்போது தோன்றும் சிறு படத்தின் அடியில், உள்ளே ஏற்றப்படும் துணைக் கூறுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடும். இரண்டு பக்கச் சுற்றறிக்கை ஒன்றைப் பார்க்க வந்தவர், தனக்குத் துளியும் தேவைப்படாத கூறுகள் வரிசையாக ஏறுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

இங்கே பயனர்கள் முறையிட்டதோடு நிற்கவில்லை. நிரலின் கோப்புறையைத் திறந்து, துணைக் கூறுகள் இருந்த உறையிலிருந்து பெரும்பாலானவற்றை வேறு உறைக்கு நகர்த்திவிட்டால் ரீடர் சட்டென்று திறக்கும் என்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த உத்தி வாய்வழியாகப் பரவியது. அதையே தானாகச் செய்துதரும் சிறு நிரல்களும் வந்தன. ஃபாக்ஸிட், சுமாத்ரா போன்ற எடை குறைந்த மாற்று நிரல்களுக்கு வாசகர் சேர்ந்ததும் இதே காலத்தில்தான். அடுத்த பதிப்பில் அடோபி தொடங்கும் நேரத்தைக் குறைத்தது. பயனர்கள் சுட்டிய இடம் சரி என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன் 2003-இல் இன்னொரு பக்கத்திலிருந்து தாக்கினார். திரையில் படிப்பதற்கு பி.டி.எஃப். லாயக்கற்றது என்பது அவர் வாதம். இணையப் பக்கம் சன்னலின் அளவுக்கேற்ப வளைந்துகொடுக்கும், பி.டி.எஃப். தாளின் அளவை விடாது. இணையப் பக்கத்திலிருந்து வந்தவருக்குத் திடீரென்று வேறு பொத்தான்கள், வேறு நகர்த்தும் முறை. 2020-இலும் அவரது நிறுவனம் ஏறத்தாழ அதே தீர்ப்பைத் திரும்பச் சொன்னது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: பயனர்களின் கோபத்தில் ஒரு பகுதி செருகுநிரலின் பிழையே அல்ல, தாளுக்காகச் செய்த ஆவணத்தைத் திரையில் திணித்தவர்மேல் வர வேண்டிய கோபம். அதையும் சேர்த்துச் சுமப்பது வியூவரின் தலையெழுத்தாகிவிட்டது.

2013: தெரிந்தது, ஆனால் வேலை நடக்கவில்லை

குரோம் 2010-இன் இறுதியில், எட்டாம் பதிப்பில், தன் சொந்த வியூவரைச் சேர்த்துவிட்டது. அதன் உள்ளே ஓடியது ஃபாக்ஸிட் நிறுவனத்தின் நிரல். 2014-இல் அது பி.டி.எஃபியம் என்ற பெயரில் திறமூலமானது. மோசில்லா இன்னும் துணிச்சலான வழியைத் தேர்ந்தது. ஆண்ட்ரியாஸ் கால், கிறிஸ் ஜோன்ஸ் ஆகியோர் 2011-இல் தொடங்கிய பி.டி.எஃப்.ஜே.எஸ். முழுக்க ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. இணையப் பக்கம் எந்தப் பொருட்களால் ஆனதோ அதே பொருட்களால் ஆவணத்தையும் வரைந்துவிடலாம் என்பது அதன் துணிபு. பொறியியலாக அது வியக்கத்தக்க சாதனை.

வேலை செய்பவர்களிடம் அது போய்ச் சேர்ந்தபோது குறைகள் மூன்று திசையிலிருந்து வந்தன. முதலாவது, தோற்றம். சில கோப்புகளில் எழுத்துகள் தாறுமாறாகத் தெரிந்தன, சிலவற்றில் படங்களே வரவில்லை. ஆவணம் சரியாகத் தெரியாமல் போகலாம், வேறு வியூவரில் திறக்கவா என்று உலாவியே மேலே ஒரு மஞ்சள் பட்டையில் கேட்டது. நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் நிர்வாக அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை; எந்த எண் சரி, எந்த எண் பிசகு என்ற ஐயத்தையே அது கிளப்பியது.

இரண்டாவது, அச்சு. பி.டி.எஃப்.ஜே.எஸ். பக்கத்தைப் படமாக வரைந்து அச்சுப்பொறிக்கு அனுப்பியது. அதன் இயல்பான அடர்த்தி அங்குலத்துக்கு 150 புள்ளி. திரைக்கு அது தாராளம். லேசர் அச்சுப்பொறியோ பொதுவாக 600 புள்ளியில் அச்சிடக்கூடியது. அடோபி ரீடர் அதற்கு எழுத்துகளைக் கோட்டுருவமாகவே கொடுத்துவந்தது. விளைவு, தாளில் எழுத்தின் விளிம்பு மங்கியது, பக்கங்கள் அதிகமானால் அச்சுக்குப் போகவே நேரம் பிடித்தது. திரையில் மட்டும் பார்த்தவர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள், தாளைக் கையில் எடுத்தவர்கள் வேறு பேசினார்கள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒருவருக்கு ஆவணம் படிப்பதற்கு, மற்றவருக்கு அச்செடுப்பதற்கு.

மூன்றாவது, படிவம். நிரப்பக்கூடிய பி.டி.எஃப். படிவங்களைப் புதிய வியூவர் வெறும் படமாகவே காட்டியது. கட்டத்தில் தட்டச்சு செய்ய முடியாது. எக்ஸ்.எஃப்.ஏ. என்னும் வகைப் படிவங்களில் நிலைமை இன்னும் மோசம். அந்தக் கோப்புக்குள் சாதாரண பி.டி.எஃப். பக்கம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். சற்றுப் பொறுங்கள், இந்தச் செய்தி மறையவில்லையென்றால் உங்கள் வியூவரால் இதைக் காட்ட இயலாது, அடோபி ரீடரைப் புதுப்பியுங்கள் என்ற அறிவிப்பே அந்தப் பக்கம். உண்மையான படிவம் வேறு வடிவத்தில் உள்ளே புதைந்து கிடக்கும். அதைத் தோண்டி எடுக்கத் தெரிந்த நிரலுக்கே அது புலப்படும். கனடா விசாவுக்கு விண்ணப்பித்த தமிழர்கள் பலருக்கு இந்தப் பக்கம் நல்ல பரிச்சயம். கனடா குடிவரவுத் துறையின் விண்ணப்பங்கள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, சரிபார்ப்புப் பொத்தானை அழுத்தினால்தான் பட்டைக் குறியீடு கொண்ட பக்கம் உருவாகும். உலாவியில் அது எப்படி நடக்கும்? இந்தியாவில் நிறுவன விவகார அமைச்சகத்தின் மின்படிவங்களும் நெடுங்காலம் இதே கதை. ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் பருவத்தில் பட்டயக் கணக்காளர் அலுவலகங்கள் அடோபி ரீடரை விட்டு நகர முடியாமல் இருந்ததற்குக் காரணம் பழக்கம் அல்ல. அந்த அமைச்சகம் 2022 முதல் படிப்படியாக இணையப் பக்கப் படிவங்களுக்கு மாறிய பிறகே அந்தக் கட்டு தளர்ந்தது.

இனி ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் வியூவரில் சாதாரணப் படிவங்களை நிரப்பும் வசதி முறையாக வந்தது 2020 நவம்பரில், 83-ஆம் பதிப்பில். எக்ஸ்.எஃப்.ஏ. படிவங்கள் திறந்தது 2021 அக்டோபரில், 93-ஆம் பதிப்பில். பக்கத்தின்மேல் எழுதவும் கிறுக்கவும் முடிந்தது 2022 அக்டோபரில், 106-ஆம் பதிப்பில். 2013-இல் பயனர்கள் நீட்டிய குறைப் பட்டியலே ஏழெட்டு ஆண்டு கழித்து மோசில்லாவின் வேலைப் பட்டியலானது. வெறுமனே மாற்றத்தை வெறுத்தவர்களின் கூச்சலாக அது இருந்திருந்தால் இந்தப் பட்டியல் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்காது.

பயனர்கள் பார்க்காத பக்கம்

இத்தனையும் பயனர் பக்க நியாயம். மறுபக்கமும் கனமானது. பழைய செருகுநிரலைத் திருப்பிக் கேட்டவர்கள், தாங்கள் எதைக் கேட்கிறோம் என்பதை முழுமையாக உணர்ந்திருக்கவில்லை.

2007 ஜனவரியில் ஒரு பலவீனம் வெளிச்சத்துக்கு வந்தது. எந்தத் தளத்திலாவது ஒரு பி.டி.எஃப். கிடந்தால் போதும், அதன் முகவரியின் வாலில் சில எழுத்துகளைச் சேர்த்து இணைப்பாக அனுப்பினால், அடோபி செருகுநிரல் அதை நிரலாக எடுத்து ஓட்டிவிடும். கோப்பில் குற்றமில்லை, தளத்தில் குற்றமில்லை, காட்டும் கருவியில்தான் ஓட்டை. ரீடரின் எட்டாம் பதிப்புக்கு மாறியவர்கள் தப்பினார்கள். 2009 பிப்ரவரியில் ஸ்கேன் படங்களைச் சுருக்கும் ஜேபிக்2 முறையைக் கையாளும் பகுதியில் இன்னொரு ஓட்டை தெரியவந்தது. திருத்தம் வருமுன்பே தாக்குதல்கள் தொடங்கியிருந்தன. அந்த ஆண்டின் நடுவில் அடோபி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காகத் திருத்தம் வெளியிடும் முறைக்கு மாறியது. 2010 நவம்பரில் வந்த ரீடர் எக்ஸ், ஆவணத்தைத் தனியே அடைத்துவைத்த சூழலில் திறக்கும் பாதுகாப்பைக் கொண்டுவந்தது.

என்.பி.ஏ.பி.ஐ. செருகுநிரல் உலாவியின் கட்டுப்பாட்டுக்குள் நிற்காது. பயனருக்குக் கணினியில் என்னென்ன உரிமை உண்டோ அதையெல்லாம் அதுவும் பெற்றுவிடும். தொண்ணூறுகளின் இணையத்துக்கு அது போதுமாயிருந்தது. குரோம் 2015 ஏப்ரலில் இந்த வகைச் செருகுநிரல்களை முடக்கி, செப்டம்பரில் 45-ஆம் பதிப்போடு முற்றாக நீக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில், 52-ஆம் பதிப்பில், ஃபிளாஷ் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்தியது. மைக்ரோசாஃப்டின் எட்ஜ், செருகுநிரல்களைப் போன்ற பழைய ஆக்டிவ்எக்ஸ் கூறுகளே இல்லாமல் பிறந்தது. இனிப் பழையது வேண்டும் என்றாலும் மாட்டுவதற்கு இடமில்லை.

அதற்காக உள்ளமைந்த வியூவர் குற்றமற்றது என்றும் இல்லை. 2015 ஆகஸ்டில் ரஷ்யச் செய்தித் தளம் ஒன்றில் வந்த விளம்பரத்தின் வழியே, ஃபயர்ஃபாக்ஸ் வியூவரின் பலவீனத்தைப் பயன்படுத்திப் பயனர்களின் கணினிக் கோப்புகளைத் திருடும் தாக்குதல் பிடிபட்டது. 2024-இல் அதே பி.டி.எஃப்.ஜே.எஸ்.-இல் எழுத்துருவைக் கையாளும் பகுதியில் இன்னொரு ஓட்டை அடைக்கப்பட்டது. வேறுபாடு எங்கே என்றால், உலாவிக்குத் திருத்தம் தானாகவே வந்துசேர்ந்துவிடும். தனிச் செருகுநிரலைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பை 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவிட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் ஓட்டை நிரலோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதுகாப்புக் கணக்கில் புதிய முறையே வென்றது. ஆனால் அந்த வெற்றி பயனர் கண்ணுக்குத் தெரியாதது. நடக்காத திருட்டை யாரும் அனுபவமாக உணர்வதில்லை. மங்கிய அச்சை எல்லோரும் உணர்வார்கள். இரு தரப்பும் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காமல் போனதற்கு இதுவே வேர்.

கேட்காமல் வந்தவை

வேகம், தோற்றம், படிவம் எல்லாம் செயல்பாடு பற்றிய குறைகள். இவற்றைவிடச் சூடான எதிர்வினைகள் வேறொரு வகையில் வந்தவை.

2017 ஜனவரியில் அடோபி வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. அக்ரோபாட் ரீடரைப் புதுப்பித்தவர்கள் அடுத்து குரோமைத் திறந்தபோது, புதிதாக ஒரு நீட்சி சேர்க்கப்பட்டிருக்கிறது, அனுமதிக்கிறீர்களா என்று உலாவி கேட்டது. நீங்கள் செல்லும் தளங்களில் உள்ள எல்லாத் தரவையும் படிக்கவும் மாற்றவும், பதிவிறக்கங்களை நிர்வகிக்கவும், கணினியில் உள்ள பிற நிரல்களோடு பேசவும் அந்த நீட்சி உரிமை கேட்டது. போதாததற்குப் பயன்பாட்டுத் தகவலை அனுப்பும் ஏற்பாடும் இயல்பாகவே இயங்கியது. சில நாளில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டாவிஸ் ஓர்மண்டி அந்த நீட்சியிலேயே ஓர் ஓட்டையைக் கண்டார். அதற்குள் அது கோடிக்கணக்கான உலாவிகளில் ஏறியிருந்தது. அடோபி விரைவாகவே திருத்தியது.

இணையப் பக்கத்தை பி.டி.எஃப். ஆக மாற்றித் தருவது அந்த நீட்சியின் வேலை. அது பயனுள்ளதா இல்லையா என்பது விவாதத்தில் அதிகம் எழவே இல்லை. பாதுகாப்புக்காக என்று கதவைத் திறந்த வேளையில் வேறொன்றையும் உள்ளே நுழைத்ததுதான் சினத்தைக் கிளப்பியது. இதன் பின்விளைவு நெடியது: திருத்தங்களையே சந்தேகிக்கும் பழக்கம். அப்டேட் என்றாலே எதையாவது தலையில் கட்டுவார்கள் என்று நினைப்பவர் அடுத்த முறை உண்மையான திருத்தத்தையும் தள்ளிப்போடுவார். பாதுகாப்புக்கு இதைவிடக் கெடுதி வேண்டாம்.

2023 பிப்ரவரியில் எட்ஜ் உலாவியின் பி.டி.எஃப். வியூவருக்குள் அடோபியின் இயந்திரத்தைப் பொருத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நிறத்துல்லியம் கூடும், இருக்கும் எந்த வசதியும் பறிபோகாது, கட்டணம் இல்லை என்று சொன்னது. மூலையில் சின்னதாக அடோபி முத்திரை ஒன்று தெரியும், கூடுதல் வசதிகளுக்குச் சந்தா உண்டு என்பதும் அறிவிப்பில் இருந்தது. பலர் கண்ணில் பட்டது அந்த முத்திரைதான். எட்ஜின் பழைய வியூவரை அது இலகுவாகவும் விளம்பரமின்றியும் இருந்ததற்காகவே பாராட்டிவந்தவர்கள், எந்த நிரலிடமிருந்து தப்பி வந்தோமோ அதுவே இங்கும் வந்துவிட்டதே என்றார்கள். நிறுவனக் கணினிகளுக்கு, வேண்டுமென்றால் மட்டும் மாறலாம் என்ற விருப்பம் தரப்பட்டது. பழைய இயந்திரத்தை நீக்குவதாகச் சொன்ன கெடுவும் பின்னர் தள்ளிப்போனது. அலுவலக நிர்வாகிகளிடம் அனுமதி கேட்கத் தெரிந்த நிறுவனம் வீட்டுப் பயனரிடம் கேட்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

2021 தொடக்கத்தில் குரோம் வியூவரின் முகம் மாறியது இவற்றோடு ஒப்பிட்டால் சிறிய விஷயம். இடது பக்கம் பக்கங்களின் சிறு படங்கள் கொண்ட பட்டை ஒன்று புதிதாக வந்து, கோப்பைத் திறக்கும்போதே திறந்து நின்றது. நீண்ட அறிக்கை படிப்பவருக்கு அது வரம். சின்ன மடிக்கணினியில் ஒரு பக்க ரசீதைப் பார்ப்பவருக்கு இடத்தை விழுங்கும் தொல்லை. இந்த வகைக் குறைகள் மட்டுமே நாளடைவில் தாமாக ஓய்ந்தன. 'பழகிவிடுவார்கள்' என்ற விளக்கம் உண்மையில் பொருந்துவது இங்கேதான்: கை பழகிய இடம் மாறியதற்கு, வேலை நின்றுபோனதற்கு அல்ல.

தமிழ்க் கோப்புகளின் தனிப் பாடு

தமிழ் வாசகருக்கு இந்த மாற்றங்கள் கூடுதலாக ஓர் அடியைக் கொடுத்தன. யூனிக்கோடு பரவுமுன் தமிழ் ஆவணங்கள் பாமினி, வானவில், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் தயாராயின. தமிழ்நாடு அரசு யூனிக்கோடையும் டேஸ்16-ஐயும் தரமாக ஏற்றது 2010-இல்தான். பாமினி போன்றவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். 'அம்மா' என்று திரையில் தெரிவது, கோப்புக்குள் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற வரிசை.

கோப்பைச் செய்தவர் எழுத்துருவை உள்ளேயே பொதித்திருந்தால் தொல்லையில்லை. பொதிக்காமல் விட்டிருந்தால், பழைய செருகுநிரல் வாசகரின் கணினியில் நிறுவியிருந்த பாமினியைத் தேடி எடுத்துக் காட்டிவிடும். எழுத்துருவே இல்லாதவருக்குத்தான் குப்பையாகத் தெரியும். உலாவிக்குள் அமைந்த வியூவரோ அங்கே ஒரு பொதுவான லத்தீன் எழுத்துருவைப் போட்டுவிடும். நேற்றுவரை தமிழாகத் தெரிந்த தீர்மான நகல் இன்று ஆங்கில எழுத்தும் புள்ளியும் கலந்த சிதறலாகத் தெரிந்தால், வாசகர் யாரை நோவார்? பாமினியை இலங்கைத் தமிழரும் புலம்பெயர்ந்தோரும் பரவலாகப் பயன்படுத்தியதால், கோயில் அறிக்கை முதல் சங்க மலர் வரை இந்தச் சிக்கலில் விழுந்தன.

யூனிக்கோடில் செய்த கோப்பும் முழுதாகத் தப்பவில்லை. 'கொடி' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரையப்படுகின்றன. வரைந்த வரிசையிலேயே எழுத்துகளை எடுக்கும் வியூவரில் 'கொடி' என்று தேடினால் அகப்படாது. நகலெடுத்து ஒட்டினால் கொம்பு தனியே முன்னால் நிற்கும். இதை ஒவ்வொரு வியூவரும் ஒவ்வொரு விதமாகக் கையாள்வதால், கருவி மாறும்போது தேடலின் விடையும் மாறுகிறது. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. தேடியது இல்லை என்று வாசகர் நம்பிவிடுவார். முறையீடாகக்கூட வெளிவராத குறை இது. அதனாலேயே மிகத் தாமதமாகக் கவனிக்கப்படுவதும் இதுதான்.

கைவிடப்பட்ட வடிவங்களின் கதையும் நமக்குப் புதிதல்ல. யான் லெகுன், லியோன் போட்டூ உள்ளிட்டோர் ஏ.டி.அண்ட்.டி. ஆய்வகத்தில் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் உருவாக்கிய டெஜாவு வடிவம், ஸ்கேன் செய்த புத்தகங்களை வியக்கத்தக்க அளவுக்குச் சுருக்கியது. உலாவியில் பார்க்கத் தனிச் செருகுநிரல் தேவைப்பட்டது. செருகுநிரல்களின் காலம் முடிந்ததும் வாசகர் குறைந்தனர். 2016-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் டெஜாவு கோப்புகள் உருவாக்குவதை நிறுத்தியது. இந்திய மின்நூலகத் திட்டம் பழந்தமிழ் நூல்களை டிஃப் பக்கங்களாக வைத்திருந்தது. அவற்றைப் பார்க்கவும் தனிச் செருகுநிரல் வேண்டும். ஆய்வாளர்கள் அதோடு மல்லுக்கட்டாமல், பக்கங்களை மொத்தமாக இறக்கி ஒரே பி.டி.எஃப். ஆகக் கோக்கும் சிறு நிரல்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டார்கள். பின்னர் அந்தத் தளம் முடங்கியபோது, அந்நூல்களில் பெரும்பகுதி இன்டர்நெட் ஆர்க்கைவ் வழியே கிடைத்தது.

முறையீட்டை எப்படி வாசிப்பது

பயனர் எதிர்வினைகளை அப்படியே பொதுக்கருத்தாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது உண்மை. திருப்தியடைந்தவர் எழுத மாட்டார். அமைப்புகளுக்குள் நுழைந்து வியூவரை முடக்கத் தெரிந்தவரின் குரல், தெரியாதவரின் குரலைவிட உரத்துக் கேட்கும். திரைவாசிப்பான் துணையோடு படிக்கும் பார்வையற்றோர் எண்ணிக்கையில் குறைவு என்பதால், தலைப்பு எது பத்தி எது என்று அவர்களுக்குச் சொல்லும் கட்டமைப்பைப் புதிய வியூவர் கண்டுகொள்ளாமல் விட்டதும் பெரிய செய்தியாகவில்லை. அவர்களுக்கோ அது ஆவணத்தையே இழப்பது.

ஆகவே எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதைவிட, என்ன வேலை நின்றது என்று பிரித்துப் பார்ப்பதே பயன்தரும். மேலே கண்டவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். பொத்தான் இடம் மாறியது, பட்டை திறந்து நிற்கிறது போன்றவை பழக்கம் சார்ந்தவை, காலம் ஆற்றும். அச்சு, படிவம், எழுத்துரு, தேடல் ஆகியவை வேலை சார்ந்தவை. திருத்தினால் தவிர ஆறாது. கேட்காமல் நிறுவுவது, விளம்பரத்தை நுழைப்பது ஆகியவை நம்பிக்கை சார்ந்தவை. திருத்திய பிறகும் வடு இருக்கும். மூன்றுக்கும் ஒரே பதிலாக 'பழகிக்கொள்ளுங்கள்' என்பதைச் சொன்ன நிறுவனங்கள் இரண்டாவதில் ஆண்டுகளையும் மூன்றாவதில் நற்பெயரையும் இழந்தன.

இன்றும் தீராத ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். இ-ஆதார் கோப்பை இறக்கி, பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல்லை இட்டு உலாவியில் திறந்தால் அட்டை அழகாகத் தெரியும். அதில் உள்ள மின் கையொப்பம் செல்லுபடியாகிறதா என்று உலாவி வியூவர் பொதுவாகச் சொல்லாது. மஞ்சள் கேள்விக்குறியைப் பச்சை டிக்காக மாற்ற அக்ரோபாட் ரீடரில்தான் திறக்க வேண்டும். இ-சேவை மையத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் கணினி முன் அமர்ந்திருப்பவர்கள் இதையெல்லாம் விவாதிப்பதில்லை. "பிரவுசர்ல பாக்காதீங்க, டவுன்லோடு பண்ணி ரீடர்ல ஓப்பன் பண்ணுங்க" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அவர்களின் மௌனத்தை உலாவி நிறுவனங்கள் திருப்தியாகக் கணக்கு எழுதிக்கொள்கின்றன. உள்ளமைந்த வியூவர் ஒன்று வென்றதா என்பதற்கு, முறையீடுகள் அடங்கியதை அளவுகோலாகக் கொள்வது ஏமாற்று. உலாவிக்குள் திறந்த கோப்பை மறுபடி இறக்கி வேறொரு நிரலில் திறப்பவர்கள் எத்தனை பேர், எந்த வேலைக்காக என்று எண்ணத் தொடங்கினால், அடுத்த பதிப்பில் செய்ய வேண்டியவற்றின் பட்டியல் அங்கேயே கிடைத்துவிடும்.